விரதக்காரனோடு மலைக்கு!

"பெரியப்பா... உங்கட காரின்ர கண்ணில ஆர் குத்தினது?"

கேட்டவள் கௌசி. வயது ஆறு.

கேட்ட இடம், அஜக்ஸ் நகரில் அவள் வீட்டு வாசல். கேட்ட நாள், அவளுடைய பிறந்தநாள். கையில் கேக். மூக்கில் க்ரீம். அவள் விரல் நீட்டிய திசையில் பெரியப்பா ராகுலனின் கறுப்புக் கார் நின்றது. அதன் வலப்பக்க ஹெட்லைட் நொறுங்கியிருந்தது.

வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை.

ஒருவர் ராகுலன். "மான் குறுக்க பாஞ்சது, குஞ்சு..." என்றார்.

மற்றவன் ராகுலனின் தம்பி, கௌசியின் அப்பா, வாகீசன். அவன் குனிந்து பார்த்தான். உடைந்த பிளாஸ்டிக் இடுக்கில் ஏதோ சிக்கியிருந்தது. மானின் முடி இல்லை. நீலக் கம்பளி நூல்!

மான் ஸ்வெட்டர் போடுமா?

மூன்று வாரம் போனது. ஃபமிலி டே விடுமுறையோடு நீண்ட வார இறுதி வந்தது. அண்ணனும் தம்பியும் சகெனே ஃபியோர்ட்டுக்கு மலையேறப் புறப்பட்டார்கள். கியூபெக் மாகாணத்தில், பனிமலைகளைப் பிளந்துகொண்டு கடல் உள்ளே புகுந்து கிடக்கும் இடம் அது.

போனது இருவர்.

திரும்பியது ஒருவர்!

* * *

ஆறு நாட்களுக்குப் பிறகு. சனிக்கிழமை. காலை எட்டு மணி.

மொன்றியலில் ஒரு தமிழ்க் கோயில் வாசலில் அதே கறுப்புக் கார் வந்து நின்றது. ஒரு கண் பழசு. ஒரு கண் புத்தம் புதுசு.

"இறங்குங்கோ அண்ணை. அஞ்சு நிமிசம் கும்பிட்டிட்டுப் போவம்" என்றாள் நிரூபா.

வாகீசனின் மனைவி. முப்பத்து மூன்று வயது. ஸ்கார்பரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஆறு இரவாக அவள் தூங்கவில்லை.

"நீர் போம். நான் காருக்க இருக்கிறன். பார்க்கிங் டிக்கட் அடிச்சிடுவாங்கள்."

"விடிய எட்டு மணிக்கு ஆர் அண்ணை டிக்கட் அடிக்கிறது?"

"போம் எண்டா போம்!"

நிரூபா போனாள். ஆச்சரியத்தோடுதான் போனாள். ராகுலன் ஸ்கார்பரோவில் ஒரு கோயிலின் நிர்வாகசபை உறுப்பினர். தேர் நாளில் வடத்தின் முன்வரிசையில் நிற்பவர். கோயில் வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வராமல் இருப்பதாவது!

அர்ச்சனை செய்தாள். விபூதியைத் தாளில் மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"எங்க இருந்தாலும் அவரை உயிரோட வைச்சிரு..."

அவ்வளவுதான் கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

கார் மறுபடி கிளம்பியது. பனித்தூள் நெடுஞ்சாலையில் பாம்பாய் நெளிந்தது.

"திரும்பவும் கேக்கிறன் அண்ணை, குறை நினைக்காதேங்கோ. அண்டைக்கு என்ன நடந்தது?"

"எத்தினை தரம் சொல்லுறது? மலை இறங்கி வாற வழியில வாய்த்தர்க்கம். கியூபெக் சிற்றி பஸ் ஸ்டாண்டில இறக்கி விடு எண்டான். இறக்கி விட்டன்."

"என்ன தர்க்கம்?"

"அண்ணன் தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும். உமக்கேன்?"

"ஃபோன் ஏன் அடைச்சுக் கிடக்கு?"

"அவனைக் கேளும்!"

"பர்ஸை உங்கட காருக்க விட்டிட்டு ஆராவது பஸ் ஏறுவினமோ?"

"உம்மட புருசன் ஏறுவான். விசரன்!"

நிரூபா புதன்கிழமையே பொலிசில் எழுதிக் கொடுத்திருந்தாள். ராகுலன் சொன்னதை நம்பி எல்லோரும் தேடியது கியூபெக் சிற்றியில். அங்கே எந்தத் தடயமும் இல்லை.

அவள் கையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு படம். காணாமல் போன அன்று பகல் வாகீசன் அனுப்பியது. மலை உச்சி. அவனும் அண்ணனும். பின்னால் உறைந்த கடல்.

"முதல்ல இந்த மலைக்குப் போவம். பிறகு பஸ் ஸ்டாண்ட்" என்றாள்.

"மலையில என்ன கிடக்கு? பனிதான் கிடக்கு!"

"நீங்கள் வராட்டி நான் மலைப்பக்கத்துப் பொலிசைக் கூட்டிக்கொண்டு போறன்."

ராகுலனின் கை ஸ்டியரிங்கில் இறுகியது.



"நிரூபா..."

"சொல்லுங்கோ."

"என்ர காரைப் பற்றி வாகீசன் உமக்கு ஏதும் சொன்னவனோ?"

"கார்? இல்லையே. கௌசிதான் அண்டைக்கு ஏதோ கேட்டவள்."

"ஓ..."

அந்த 'ஓ'வுக்குப் பிறகு அவர் குரல் மாறியது. சட்டென்று இனித்தது.

"சரி. மலைக்கே போவம். வடிவான இடம். நீர் ஒருக்கா பார்க்கத்தான் வேணும்!"

* * *

கியூபெக் சிற்றி தாண்டியதும் காடு. நூற்றைம்பது கிலோமீற்றருக்கு ஊசியிலை மரங்களும் வெள்ளையும்தான். நிரூபாவின் ஃபோனில் சிக்னல் செத்துப் போனது.

ஒரு ஓரத்தில் காரை நிறுத்தினார்கள். நிரூபா ஃபிளாஸ்கைத் திறந்தாள். பெட்டியைத் திறந்தாள். மட்டன் ரோல் வாசனை காரை நிறைத்தது.

"சாப்பிடுங்கோ."

"வேண்டாம்."

"ஏன்? உங்களுக்கெண்டு உறைப்புக் கூடப் போட்டுச் செய்தனான்."

"மச்சம் மாமிசம் சாப்பிடேல்ல. விரதம்."

"நீங்களோ? விரதமோ? பிறந்தநாளில மட்டும் பதினொரு ரோல் சாப்பிட்டனீங்கள்! கௌசி எண்ணினவள்."

"உம்மட மகளுக்கு எண்ணுறதும் கேக்கிறதும்தான் வேலை! பெரிய வாய்!"

நிரூபா பெட்டியை மூடினாள். அவளுக்கும் ஒரு வாய் இறங்கவில்லை.

மலைப் பூங்காவின் வாசலில் சின்னப் பலகை அறை ஒன்று. உள்ளே ஸ்டெபனி என்ற இளம்பெண் நுழைவுச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஹீட்டர் வேலை செய்யவில்லை. பல் தந்தியடித்தது.

நிரூபா ஒன்றும் யோசிக்கவில்லை. ஃபிளாஸ்கையும் ரோல் பெட்டியையும் அப்படியே ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"அவளுக்கு ஏன் குடுக்கிறீர்? ஆரெண்டே தெரியாது!" ராகுலன் சீறினார்.

"குளிருதெண்டு தெரியுது. போதாதோ?"

ஸ்டெபனி கடித்தாள். கண்ணில் நீர் வந்தது... உறைப்பு! ஆனாலும் சிரித்தாள். பிறகு எட்டி நிரூபாவின் சப்பாத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். தன் காலில் போட்டிருந்த இரும்பு முள் பட்டிகளைக் கழற்றி நீட்டினாள். சப்பாத்துக்கு மேலே இழுத்து மாட்டுவது. பனிக்கட்டியில் கால் வழுக்காது.

"மேலே கண்ணாடி மாதிரி இருக்கும். வரும்போது தந்தால் போதும்" என்றாள் ஆங்கிலத்தில். "உங்களுக்கும் வேணுமா ஐயா? வாடகைக்கு இருக்கு."

"நான் பதினெட்டு வருசம் ட்ரக் ஓட்டினவன்" என்றார் ராகுலன். "எனக்குப் பனி காட்டுறியோ?"

பனி பொல்லாதது. அதற்கு யாருடைய அனுபவத்திலும் மரியாதை இல்லை!

* * *

இரண்டு மணி நேர ஏற்றம்.

மரங்கள் பனிப்பாரத்தில் குனிந்து நின்றன. ராகுலன் பின்னால் வந்தார். அவள் நின்றால் நின்றார். நடந்தால் நடந்தார்.

"முன்னுக்குப் போங்கோவன் அண்ணை, வழி உங்களுக்குத்தானே தெரியும்."

"பின்னுக்கு ஆள் இருந்தா உமக்குப் பாதுகாப்பு."

மரங்கள் முடிந்தன. உச்சி!

காலடியில் செங்குத்தாகப் பாறை. எதிரே இன்னொரு பாறைச் சுவர். நடுவில் வெள்ளையாக உறைந்த கடல். அதன் மேல் தீப்பெட்டிகளைக் கொட்டியது போல நிறம் நிறமாய்ச் சின்னக் குடில்கள். பனியைத் துளைத்து மீன் பிடிப்பவர்களுடையவை.

படைத்தவன் கை நடுங்காமல் படைத்த இடம். அங்கே வந்தும் மனிதனுக்குக் கெட்ட எண்ணம் வருகிறதே!

ஃபோனை உயர்த்தினாள். சிக்னல் இல்லை. படத்தைப் பார்த்தாள். ஓம், இதே பாறைதான். கோட்டுப் பையிலிருந்து தாள் மடிப்பை எடுத்தாள்.

"என்ன அது?"

"மொன்றியல் கோயில் விபூதி. பூசுங்கோ. அவர் சுகமா வரவேணும் எண்டு ரெண்டு பேருமா இந்த இடத்தில நிண்டு கும்பிடுவம்."

ராகுலன் ஒரு அடி பின்வாங்கினார்.

"எனக்கு வேண்டாம்."

"விரதம் எண்டனீங்கள்?"

"ஓம். விரதம்."

"விரதக்காரருக்கு விபூதி வேண்டாமோ?"

"வேண்டாம் எண்டா விடுமன்! கிட்ட கொண்டராதையும்!"

நெருப்பைக் கண்டவர் போல் கையை உதறினார்.

நிரூபாவின் கை அந்தரத்தில் நின்றது.

விரதம் இருப்பவன் மச்சம் தின்னமாட்டான். ஆனால் கோயிலுக்கு முதல் ஆளாய் ஓடுவான்...

கோயிலில் மனமில்லாதவன் வாசலில் நிற்பான். ஆனால் மட்டன் ரோலை விடமாட்டான்...

மச்சமும் இல்லை. கோயிலும் இல்லை. விபூதியும் இல்லை.

மூன்றையும் ஒன்றாக விலக்குவது ஒரே வீட்டில்தான். செத்த வீட்டில்!

இரத்த உறவு இறந்தால் முப்பத்தொரு நாள் காக்கும் துடக்கு!

"அண்ணை..." என்றாள். "உங்களுக்கு ஆர் செத்த துடக்கு?"

ராகுலனின் முகம் வெளிறியது.

"என்ன விசர்க்கதை!"

"ஊரில ஒருத்தரும் சாகேல்ல. நேற்று இரவு மாமியோட கதைச்சனான். உங்களுக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒருத்தர்தான். அவர் கோபிச்சுக்கொண்டு போனவர் எண்டு சொல்லுறீங்கள். அவர் உயிரோட இருக்கிறார் எண்டா... நீங்கள் ஏன் துடக்கு காக்கிறீங்கள்?"



தம்பியைத் தள்ளக் கூசாத கை. ஆனால் அந்தத் தீட்டோடு கோயில் படியைத் தொடக் கூசிய கை! சாமிக்குப் பயந்தவர்தான் ராகுலன். எந்த இடத்தில் பயப்பட வேண்டும் என்றுதான் தெரியாமல் போய்விட்டது.

"நீ கெட்டிக்காரி" என்றார் மெதுவாக. 'நீர்' போய் 'நீ' வந்துவிட்டது. "மோர்னிங்சைட்டில வீதி கடந்த அமிர்தநாதர் எண்ட கிழவன், செய்தியில வந்ததே... காரால அடிச்சுப்போட்டு ஓடினது நான்தான். ரெண்டு பியர் குடிச்சிருந்தனான். நிண்டிருந்தா பிடிச்சு மறியலுக்க போட்டிருப்பாங்கள். நிக்கேல்ல."

"கடவுளே..."

"உன்ர மகள் கேட்டாள். உன்ர புருசன் நூலைப் பார்த்தான். 'திங்கட்கிழமை நீங்களா பொலிசுக்குப் போங்கோ, நானும் கூட வாறன்' எண்டு இதே இடத்தில நிண்டு சொன்னான். கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னான்!"

"அந்தக் கையைப் பிடிச்சே தள்ளினீங்களோ?"

"ஓம்!"

"எந்தப் பக்கம்?"

"ஏன்? நீயும் அதே பக்கத்தால போக வேணுமோ?"

ராகுலன் ஒரு அடி வைத்தார். நிரூபா பின்னால் போக இடமில்லை. இன்னொரு அடி. அவருடைய கை நீண்டது...

அப்போதுதான் அது ஒலித்தது.

ஃபோன்!

உயரத்தில் எங்கிருந்தோ ஒற்றைக் கோடு சிக்னல் வந்து ஒட்டியிருந்தது. அவள் விரல் பட்டு ஸ்பீக்கரில் குரல் வெடித்தது.

"நிரூபா..."

பலவீனமான குரல். ஆனால்...

"நிரூபா, நான்தான். வாகீசன். ஹொஸ்பிட்டல்ல இருக்கிறன். இப்பதான் கண் முழிச்சனான். அண்ணையோட ஒரு இடமும் போகாத! கேக்குதோ?"

ராகுலன் அலறினார்!

"நீ... நீ செத்தவன்! என்ர கண்ணால பார்த்தனான்!"

பின்னால் ஒரு அடி. இன்னொரு அடி. மூன்றாவது அடியில் சப்பாத்து கண்ணாடிப் பனியில் வழுக்கியது. நூறு கிலோ உடம்பு தடாலென்று விழுந்து, சரிவில் அவளைத் தாண்டி விளிம்பை நோக்கிச் சறுக்கியது. கால்கள் வெளியே போயின. இடுப்பு வெளியே போனது. பாறை இடுக்கில் முளைத்த கட்டை மரம் ஒன்று கையில் சிக்கியது. அது சுண்டுவிரல் தடிப்பு!

"நிரூபா! பிடியும்! பிடியும்!"

'நீ' போய் மறுபடி 'நீர்' வந்துவிட்டது.

ஒரு விநாடி.

அவள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. சும்மா நின்றால் போதும். உலகத்தில் ஒருவரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள்.

நிரூபா கழுத்துச் சால்வையை உருவினாள். பக்கத்தில் தனியாக நின்ற பெரிய மரம் ஒன்றில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள். முள் பட்டிகளைப் பனியில் அழுத்தி ஊன்றினாள். குனிந்தாள். அவருடைய பெல்ட்டைப் பின்பக்கமாகக் கொத்தாகப் பற்றினாள். தினமும் எட்டு முதியவர்களைக் கட்டிலிலிருந்து கதிரைக்குத் தூக்குகிற கை அது. முதுகை வளைக்காமல், முழங்காலால் எப்படித் தூக்குவதென்று அதற்குத் தெரியும்.

"மூண்டு எண்ணுறன். மூண்டில நீங்களும் உந்தோணும். ஒண்டு... ரெண்டு..."

மூன்று!

இருவரும் பனியில் புரண்டு விழுந்தார்கள்.

ராகுலன் கவிழ்ந்து கிடந்தபடி விம்மினார்.

"ஏன்... ஏன் தூக்கினனீர்?"

நிரூபா மூச்சு வாங்கினாள்.

"நீங்கள் செத்தா நாங்கள் முப்பத்தொரு நாள் துடக்கு காக்கோணும். அதுக்கு எனக்கு நேரமில்லை அண்ணை!"

ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய சிரிப்புக் கேட்டது. பிறகு அழுகை.

நிரூபா 911-ஐ அழைத்தாள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பொலிஸ்காரர்கள் பனி ஸ்கூட்டரில் வந்தார்கள். ராகுலன் தானாகவே கையை நீட்டினார். கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னார். அமிர்தநாதரின் பெயரை இரண்டு தரம் சொன்னார்.

போகும்போது திரும்பிப் பார்த்தார்.

"அவன் சுகமா இருக்கிறானோ?"

"இருக்கிறார்."

"அப்ப... துடக்கு இல்லையோ?"

"இல்லை. நீங்கள் வீணாத்தான் மரக்கறி சாப்பிட்டிருக்கிறீங்கள்."

* * *

மறுநாள். ஆஸ்பத்திரி.

வாகீசனுக்கு இரண்டு கால்களிலும் மாவுக்கட்டு. தலையில் துணிக்கட்டு. ஆறு நாள் நினைவில்லாமல், பெயரில்லாமல் அதே கட்டிலில் கிடந்திருக்கிறான்.

"அவ்வளவு உயரத்தால விழுந்து எப்பிடியப்பா தப்பினீங்கள்?"

"மரங்களுக்கு மேல விழுந்தனான். பிறகு பனியோட பனியாச் சறுக்கிக் கீழ கடல் வரைக்கும் போனன். அங்க ஒரு கிழவர். மீன் பிடிக்கிறவர். கோடாலியோட ஓடி வந்தார். முடிஞ்சுது கதை எண்டு நினைச்சன்."

"பிறகு?"

"தன்ர குடிலுக்கு ஓடிப்போய் கதவைக் கொத்திக் கழற்றினார். என்னைக் கதவில கிடத்தி, கயிறு கட்டி, வீதி வரைக்கும் இழுத்தவர். ரெண்டு கிலோமீற்றர், நிரூபா! பிரெஞ்சில ஏதோ பாடிக்கொண்டே இழுத்தவர். கரையேறேக்க கதவு ரெண்டாப் பிளந்து போச்சு. அம்புலன்ஸ் வரேக்க பார்த்தன். பிறகு ஒண்டும் தெரியாது."

"பெயர்?"

"சொல்லேல்ல. நர்ஸ்மாரையும் கேட்டிட்டன். ஒருத்தருக்கும் தெரியாது. நிண்டு நன்றி கேக்கிற ஆளில்லைப் போல."

நிரூபா அவன் போர்வையைச் சரிசெய்தாள். 

* * *

திங்கட்கிழமை காலை.

உறைந்த கடலில் ஒரு மனிதர்கூட இல்லை. வார இறுதிக்காரர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

சின்னச் சறுக்கு வண்டி ஒன்றைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு நிரூபா தனியாக நடந்தாள். மைனஸ் இருபத்தாறு. வண்டியில், ஊர்க் கடையில் வாங்கிய மரக்கதவு. கதவைத் தொங்கவிட இரண்டு பிணைச்சல். ஒரு டப்பா திருகாணி. வாடகை ட்ரில்.

ஐம்பது குடில்கள். எது என்று தேடவேண்டியிருக்கவில்லை. கதவுக்குப் பதிலாகக் கிழிந்த தார்ப்பாய் தொங்கிய குடில் ஒன்றுதான்.

அவள் வாழ்க்கையில் கதவு பொருத்தியதில்லை. முதல் தரம் தலைகீழாகப் பொருத்தினாள். கழற்றினாள். மறுபடி பொருத்தினாள். விரல்கள் மரத்தன. இரண்டு தரம் அழுதாள். அது குளிராலா வேறு எதனாலா என்று அவளுக்கே தெரியாது.

கடைசியில் கதவு திறந்தது. மூடியது. மேல் மூலையில் சற்றுக் கோணல்.

வாசல் பனியை வழித்தாள். பெயர் எழுதி வைக்கவில்லை. கடிதம் வைக்கவில்லை. கதவுக்கு முன்னால் நின்று ஒருமுறை கைகூப்பிவிட்டு, வந்த சுவட்டிலேயே திரும்பி நடந்தாள். பின்னாலேயே வந்த காற்று அந்தச் சுவட்டையும் அழித்தது.

அடுத்த சனிக்கிழமை வந்த கிழவர், தன் குடிலுக்கு முன்னால் வெகுநேரம் திகைத்து நின்றார். சுற்றிலும் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

பிறகு இருபது வருடத்தில் முதல்தடவையாக... சொந்தக் குடிலின் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார்!